சந்திப் புகை: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பின் ரவி,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்குச் சுகம் வந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்குத்தான் இருமல் விட்டபாடில்லை. பள்ளிக்கூடம் விட்டு நம் திருகோணமலை அனுராதபுரச் சந்தி வழியாகத்தான் வருகிறாள். அந்த நேரத்துப் புகை உனக்குத் தெரியாததா?

அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன், மச்சான். ஜேர்மனி விண்வெளி மையம் இலவசமாகத் தரும் சுமோ என்ற போக்குவரத்து மாதிரி மென்பொருளில் சந்தியை வரைந்து, பஸ், லொறி, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பார்க்கிறேன்.

கந்தளாய்ப் பக்கமிருந்து வரும் பழைய டீசல் லொறியைக் கவனித்திருப்பாய். நிற்கும்போது சும்மா உறுமும். பொலிஸ்காரர் கை காட்டியதும் சாரதி மிதிப்பார். கரும்புகை குபுக்கென்று வரும். டீசல் சட்டென்று கூடுகிறது, அதற்கேற்ற காற்று உள்ளே போகச் சற்றுப் பிந்துகிறது. சரியாக எரியாத கரிதான் அது. கொஞ்ச தூரம் நகர்ந்ததும் மறுபடி பிரேக், மறுபடி அதே புகை. ஆக, எவ்வளவு நேரம் நின்றது என்பதைவிட எத்தனை தடவை நின்று கிளம்பியது என்பதுதான் முக்கியம்.

சராசரி வேகத்தை மட்டும் பார்க்கும் கணக்கில் இது பிடிபடாது. சீராக ஊர்ந்த வண்டியும் நின்று நின்று பாய்ந்த வண்டியும் அங்கே ஒன்றுதான். அமெரிக்கச் சுற்றாடல் முகவரகத்தின் மூவ்ஸ் என்ற புகைக் கணிப்பு மென்பொருள், வேகம், முடுக்கம், ஏற்றம், எடை எல்லாம் பார்த்து எஞ்சின் எவ்வளவு இழுக்கிறது என்று வினாடிக்கு வினாடி கணிக்கும். நம் சந்திக்கு அந்த முறைதான் சரி. ஆனால் ஓட்டோவுக்கென்று அதில் ஒரு வகையே இல்லை. ஓட்டோவை விட்டுவிட்டுத் திருகோணமலையில் என்ன கணக்குப் பார்ப்பது?

புகை கூடுதலாய் விடும் இரண்டு ஸ்ட்ரோக் ஓட்டோ இறக்குமதியை 2008இல் நிறுத்தினார்கள், வருடாவருடம் புகைப் பரிசோதனையும் வந்தது. இரண்டும் நல்ல காரியம். ஆனால் அந்தப் பரிசோதனை, வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவைத்துச் செய்வது. சந்தி நெரிசலில் வண்டி படும் பாடு அதில் தெரியாது.

என்னைக் கேட்டால், முதலில் சந்தி மூலையில் பஸ் நிறுத்தி ஆள் ஏற்றுவதை மாற்றவேண்டும். ஒரு பஸ் நின்றால் பின்னால் வரும் அத்தனையும் நின்று கிளம்புகின்றன. சுமோ மாதிரியில் பஸ் தரிப்பிடத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்ததுமே நிறுத்தங்கள் குறைந்தன, புகைக் கணக்கும் இறங்கியது. கலர் லைட் பற்றி அப்புறம் பேசலாம்.

உன் மைத்துனர் ஓட்டோதானே ஓடுகிறார்? போனில் ஜிபிஎஸ்ஸைப் போட்டு, வினாடிக்கொரு தடவை வேகம் பதியும்படி ஓடச் சொல்லி எனக்கு அனுப்பு. அது வந்ததும் படத்தோடு உள்ளூராட்சிச் சபைக்குப் போகிறேன். முடிந்தால் நீயும் லீவு போட்டுவிட்டு வா. நாலு பேராய்ப் போனால்தான் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

அன்புடன்,
சிவா