இந்தியானா தகுதியில்லாத அணியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

2024 சீசனின் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து அல்ல) இறுதி ஆட்டத்தைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒஹாயோ ஸ்டேட் 34-23 என்று நோட்டர் டேமை வென்றதைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் தேசியப் பட்டத்துக்கான பிளே ஆஃப் சுற்றுகளில் 4 அணிகள் 12 ஆனதால் இந்தியானா மாதிரி தகுதியில்லாத அணிகளும் உள்ளே வந்துவிட்டன என்று கடைசிப் பத்தியில் போகிற போக்கில் சொல்லிவிட்டார். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் இருப்பது இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ். ஒஹாயோ ஸ்டேட் இருக்கும் கொலம்பஸ் வேறு ஊர். இங்கே எஞ்சின் கம்பெனி வேலைக்காக வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைய. என் மகள் பக்கத்தில் புளூமிங்டனில், இந்தியானா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அது கூடைப்பந்து ஊர். ஐந்து முறை தேசியப் பட்டம் வாங்கிய அணி அவர்களுடையது. ஃபுட்பால் என்றால் ஸ்டேடியத்துக்கு வெளியே கூடிச் சாப்பிடுவதோடு சரி என்றுதான் இருந்தது. இடைவேளை முடியும்போது பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். 2021 முதல் 2023 வரை மூன்று சீசன்களில் அந்த அணி வென்றது 9 ஆட்டம், தோற்றது 27.

2023 நவம்பர் கடைசியில் கர்ட் சிக்னெட்டி தலைமைப் பயிற்சியாளராக வந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். அலபாமா பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற பயிற்சியாளர் நிக் சேபனிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர், அந்தப் பெரிய இடத்தை விட்டுவிட்டு, தன் அப்பா ஒருகாலத்தில் பயிற்சி கொடுத்த ஒரு சின்னப் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனவர். அப்புறம் ஈலான், ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகங்கள் என்று படிப்படியாக வந்தார். எங்கே போனாலும் தோல்விக் கணக்கில் முடிந்த சீசன் ஒன்றுகூட அவருக்கு இல்லை. ஜேம்ஸ் மேடிசனிலிருந்து ஒரு டஜனுக்கு மேல் ஆட்டக்காரர்களையும், தன்னோடு பல காலம் வேலை பார்த்த பயிற்சியாளர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெரிய பல்கலைக்கழகங்கள் பள்ளிக் காலத்தில் திரும்பிப் பார்க்காத பையன்கள் அவர்கள். பந்து பிடிப்பதில் எலைஜா சரட், எதிரணியை மடக்குவதில் ஏடன் ஃபிஷர், மிக்கேல் கமாரா, இவர்கள் மூவரும் அப்படி வந்தவர்கள்தான். சிக்னெட்டி பார்த்ததெல்லாம் ஏற்கெனவே களத்தில் என்ன செய்து காட்டியிருக்கிறார்கள் என்பதை மட்டும். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

2024 சீசன் தொடங்கும் முன், இந்தியானா ஆடும் பிக் டென் என்ற பல்கலைக்கழக லீக்கின் 18 அணிகளில் இந்தியானாவுக்கு 17ஆவது இடம் என்று செய்தியாளர்கள் கணித்தார்கள். நடந்தது என்ன? முதல் பத்து ஆட்டமும் வெற்றி. நெப்ராஸ்காவை 56-7. முதல் எட்டு ஆட்டங்களில் ஒரு நிமிடம்கூடப் பின்தங்கவில்லை. ஒன்பதாவதில் மிச்சிகன் ஸ்டேட் 10-0 என்று முந்தியது. ஆட்டம் முடிந்தபோது இந்தியானா 47-10 என்று வென்றிருந்தது. அதே மாநிலத்துப் பகையாளி பர்டியூவை 66-0. மொத்தம் 11 வெற்றி. அதற்கு முன் அந்தப் பல்கலைக்கழக வரலாற்றில் ஒரே சீசனில் 9க்கு மேல் வென்றதே கிடையாது.

ஆட்ட அட்டவணை லேசானது என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. அதில் உண்மை உண்டு. அதற்கு முந்தைய சீசனின் இறுதி ஆட்டத்தில் மோதிய மிச்சிகன், வாஷிங்டன் இரண்டையும் இந்தியானா வென்றது. ஆனால் அவை இரண்டும் பயிற்சியாளரையும் முக்கிய ஆட்டக்காரர்களையும் இழந்து மெலிந்திருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் யாரோடு ஆடுவது என்பதில் பெரும்பகுதியைப் பிக் டென் நிர்வாகம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. எதிரே வந்தவர்களை வெல்வது ஒன்றுதான் அணியின் கையில் இருக்கிறது. மிச்சிகனிடம் மட்டும் 20-15 என்று தப்பித்தார்கள். மற்ற பத்து வெற்றிகளிலும் வித்தியாசம் 14 புள்ளிக்குக் குறையவில்லை.

தோற்றது இரண்டே ஆட்டம். ஒன்று ஒஹாயோ ஸ்டேட்டிடம் 38-15, இன்னொன்று பிளே ஆஃப் முதல் சுற்றில் நோட்டர் டேமிடம் 27-17. கட்டுரையாளர் எழுதிய அந்த இறுதி ஆட்டத்தில் மோதியவர்கள் யார்? இதே இரண்டு அணிகள்தான்! முதல் சுற்றில் வெளியூர் போன நான்கு அணிகளும் தோற்றன. கிளெம்ஸன் 14 புள்ளியில், டென்னஸி 25இல், எஸ்.எம்.யு. 28இல் தோற்றன. இந்தியானா 10இல். இவர்களில் தகுதியில்லாத அணி என்று இந்தியானாவை மட்டும் பெயர் சொல்லுவது எந்த நியாயம்?

நோட்டர் டேம் ஆட்டத்தை நான் பூசி மெழுக வரவில்லை. இந்தியானாவின் கடைசி இரண்டு டச்டவுன்களும் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) கடைசி ஒன்றரை நிமிடத்தில், ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு வந்தவை. முதல் கால் பகுதியிலேயே எல்லைக்கு அருகில் எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ரோர்க் எறிந்த பந்தை எதிரணி பறித்துக்கொண்டது. அடுத்து நோட்டர் டேமின் ஜெரமையா லவ் 98 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். அதிலிருந்து அணி மீளவேயில்லை. நான்காம் பகுதியில் 20-3 என்று பின்தங்கியிருந்தபோது சிக்னெட்டி பந்தை உதைத்து எதிரணிக்கே கொடுக்கச் சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. இழக்க என்ன இருந்தது? துணிந்திருக்க வேண்டும்.

அந்தக் குவார்ட்டர்பேக் கர்ட்டிஸ் ரோர்க் பற்றி ஒரு வார்த்தை. கனடாக்காரர். முழங்கால் ஜவ்வு கிழிந்த நிலையிலேயே சீசன் முழுவதும் ஆடினார் என்று சீசன் முடிந்த பிறகுதான் வெளியே வந்தது. நடுவில் கட்டைவிரல் அறுவை சிகிச்சை வேறு. வாஷிங்டன் ஆட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மறுவாரமே களத்துக்கு வந்துவிட்டார். அந்தக் காலோடு இறங்கிய பையன் இருக்கும் அணியைத்தான் உங்கள் கட்டுரை ஒரே சொல்லில் ஒதுக்கியது.

கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் பலரும் சொன்னதைத்தான் அவரும் எழுதினார். ஆகஸ்ட் கடைசியில் அடுத்த சீசன் தொடங்குகிறது. புளூமிங்டன் அணியின் ஆட்டங்களை அவர் முதலிலிருந்து பார்த்து எழுத வேண்டும், நீங்கள் அதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
கொலம்பஸ், இந்தியானா