மலைக்கு ஆளை அனுப்புமுன் வீட்டைப் பாருங்கள்

பெறுநர்: அரசு முதன்மைச் செயலாளர், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை, தலைமைச் செயலகம், சென்னை - 9.
நகல்: மாவட்ட ஆட்சியர், நீலகிரி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நீலகிரி மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வேலை பார்க்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வக நுட்புநர்கள் சிலர் சேர்ந்து, இங்கே புதிதாகப் பணியில் சேர வருபவர்களுக்காக எழுதும் மடல் இது.

நீலகிரி என்றால் வர ஆசைப்படாதவர் குறைவு. சமவெளி வெயிலில் காய்பவருக்கு ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்ற பெயர்களே குளுகுளு என்று இருக்கும். ஆனால் எந்த அழகு அவர்களை இழுத்து வருகிறதோ, அதே அழகுதான் அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய வீட்டையும் பறிக்கிறது. ஏப்ரல், மே சீசனில் காட்டேஜாக நாள்வாடகைக்குப் போகும் வீட்டை மாத வாடகைக்கு விட எந்த உரிமையாளருக்கு மனம் வரும்? மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் பணியாணையோடு வந்து இறங்கும் செவிலியருக்குக் கிடைப்பது லாட்ஜ் அறைதான், அதுவும் சீசன் கட்டணத்தில். ஜூனில் சீசன் வடிந்ததும் சில வீடுகள் திறக்கும். ஆனால் 11 மாத ஒப்பந்தம் என்று கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், அது சரியாக அடுத்த சீசனின் நடுவில் முடியும்.

2025 ஏப்ரல் 6 அன்று உதகையில் 700 படுக்கைகளோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. நல்லது, மாவட்டமே காத்திருந்த ஒன்று. ஆனால் அந்த வளாகம் மட்டும் நீலகிரி இல்லை. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குந்தா வட்டங்களில் இருக்கும் சிறிய மருத்துவமனைகளுக்கு ஆணை வாங்கி வருபவர் தங்கும் இடத்தைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும் என்ற நிலை மாறினால்தான் அவர் நிலைப்பார். எங்கள் முதல் கோரிக்கை இதுதான்: வட்டத்துக்கு ஓர் இடைத்தங்கல் விடுதி, ஆளுக்கு ஓர் அறை, மூன்று மாதம் வரை. புதுக் கட்டடம் கட்டச் சொல்லவில்லை. பொதுப்பணித்துறையின் பழைய குடியிருப்புகளில் பூட்டிக் கிடப்பவற்றைக் கூரை பழுதுபார்த்து, கீசர் மாட்டிக் கொடுத்தாலே போதும். அதோடு, மலை வட்டங்களுக்கான ஆணைகளை ஜூலைக்குப் பிறகோ ஜனவரியிலோ வெளியிடுங்கள். பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையை நினைத்து மே மாத ஆணை வேண்டும் என்பவர்களும் உண்டு; அவர்களுக்கு விடுதியில் முதலிடம் கொடுத்தால் சிக்கல் தீரும்.

வண்டி விஷயம் சின்னதாகத் தோன்றும், ஆனால் முதல் வாரமே தலைவலி கொடுக்கும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம். டி.என். 43 பதிவெண் வண்டிக்கு அது தேவையில்லை. மதுரையிலோ திருவாரூரிலோ பதிவான ஸ்கூட்டரோடு பணியில் சேர வருபவர், கணினியின் கண்ணுக்குச் சுற்றுலாப் பயணிதான். பணியாணையோடு ஆட்சியர் அலுவலகத்தின் ஒரு பக்கக் கடிதமும் இணைந்து வந்தால் உள்ளூர்வாசிக்கான அனுமதியை அவர் ஒரே நாளில் வாங்கிவிடுவார். சீசனில் ஏறக் குன்னூர் வழி, இறங்கக் கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்குவார்கள் என்பதையும் அதே தாளில் சொல்லிவிடலாம்.

இரவுப் பணிக்கு வருவோம். மாலை இருட்டிய பிறகு கிராமங்களுக்குப் பேருந்து அரிது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடியும் காட்டெருமையும் தேயிலைத் தோட்டத்து நடைபாதையில் சாதாரணமாக நிற்கும். கூடலூர், பந்தலூரில் யானை. இரவு எட்டு மணிக்கு ஒரு செவிலியரை அந்தப் பாதையில் நடந்து வரச் சொல்வது நியாயமா? ஒன்று, பணி மாறும் நேரத்தைக் கடைசிப் பேருந்தோடு பொருத்துங்கள். இல்லையென்றால் வட்டத்துக்கு ஒரு ஜீப் கொடுங்கள். பயோமெட்ரிக் கருவியில் பத்து நிமிடத் தாமதத்துக்கு விளக்கம் கேட்கும் நிர்வாகம், அந்தப் பத்து நிமிடம் எதனால் போனது என்று ஒருமுறை சாலையில் வந்து பார்க்கலாம்.

அடுத்தது, யாரும் சொல்லித் தராத வேலை நுணுக்கம். உதகை 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் இங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பதைப் புதிதாக வருபவர் சமையலறையில் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்; கருவிகளை நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் கண்டுபிடிக்க மாட்டார். சமவெளியில் அழுத்தமானியின் முள் 15-ஐ (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) தொட்டால் உள்ளே 121 டிகிரி. அதே 15 உதகையில் 117 டிகிரிதான். முள்ளை மட்டும் பார்த்து நேரம் கணக்கிட்டால் கருவிகள் கிருமி நீங்காமலே வெளியே வரும். இங்கே 121 வேண்டுமானால் முள் 18.5 வரை ஏற வேண்டும். ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் உள்ள கூடலூரில் 17-க்குச் சற்றுக் குறைவாக. அதற்கு முன் பாதுகாப்பு வால்வு அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்த்தாக வேண்டும். வெப்பநிலையைத் தானே அளந்து ஓடும் புதிய இயந்திரங்களில் இந்தத் தொல்லை இல்லை. பழைய, குக்கர் வகைக் கருவிகள் ஓடும் இடங்களில்தான் ஆபத்து. ஒவ்வொரு கருவியின் மேலும் அந்த ஊருக்கான அழுத்தத்தைப் பெயின்ட்டில் எழுதி வையுங்கள்; செலவு ஒன்றும் இல்லை.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கே இங்கே 94, 95 என்று காட்டும். சமவெளிக் கணக்கில் பதறி ஆக்ஸிஜன் மாட்ட வேண்டியதில்லை. ஹீமோகுளோபின் நேர்மாறு: உயரத்துக்காக உடல் அதை ஏற்றிக்கொள்ளும் என்பதால், இரத்தசோகை என்று முடிவுகட்டும் அளவை உதகையில் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிராம் உயர்த்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் சோகை உள்ள கர்ப்பிணி "நார்மல்" என்று வீட்டுக்குப் போய்விடுவார். பணியர், குறும்பர், இருளர் உள்ளிட்ட பழங்குடி மக்களிடம் அரிவாள் அணு நோய் (சிக்கிள் செல்) உண்டு; சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து கடும் வலி தரும் பரம்பரை நோய் அது. குளிரும் நீரிழப்பும் அந்த வலியைத் தூண்டும். உடம்பெல்லாம் வலி என்று வருபவருக்கு ஊசி போட்டு அனுப்பாமல் இதை நினைக்கத் தெரிந்திருக்க வேண்டும். பந்தலூரில் பணியர் மொழியும் மலையாளமும் காதில் விழும், குன்னூர்ப் பக்கம் படுக மொழி. இதற்கெல்லாம் பணியில் சேரும் முதல் வாரத்தில் மூன்று நாள் பயிற்சி கேட்கிறோம். நடத்த ஆள் இங்கேயே இருக்கிறார்கள்.

மழைக்காலத்தையும் அந்தப் பயிற்சியில் சேருங்கள். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி. வடகிழக்கில் குன்னூர், கோத்தகிரி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மண்சரிந்து பாதை அடைபட்டால் கூடலூரிலிருந்து 50 கி.மீ. மலையேறி உதகைக்கு நோயாளியை அனுப்ப முடியாது. அன்றைக்கு எந்தக் கேரள மருத்துவமனைக்கு, எந்த வழியில் என்பது இரவுப் பணி மருத்துவரின் மேசையில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பனிக்காலத்தில் மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்காதீர்கள் என்ற எச்சரிக்கையும் தேவை. கார்பன் மோனாக்ஸைடு வாசனை காட்டாது.

பணத்தைப் பொறுத்தவரை நிரந்தரப் பணியாளருக்கு மலைப்படி, குளிர்காலப்படி உண்டு. தொகுப்பூதியச் செவிலியருக்கு ஒரே தொகைதான், தஞ்சாவூரில் வேலை பார்த்தாலும் உதகையில் வேலை பார்த்தாலும். கம்பளி, வெந்நீர், ஈரத்தில் காயாத துணி என்று செலவு மட்டும் இங்கே கூடுதல். அவர்களுக்கும் மலைப்படிக்கு ஈடாக ஒரு தொகை ஒதுக்குங்கள்.

இளம் மருத்துவர்களை இங்கே இழுப்பது வேறொன்று. தொலைதூர, கடினப் பகுதிகளில் பணிபுரியும் அரசு மருத்துவருக்கு முதுநிலைச் சேர்க்கையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம், 30 வரை ஊக்க மதிப்பெண் தர விதி இடம் தருகிறது. எந்த ஊர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது விண்ணப்பிக்கும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. நியமன ஆணையிலேயே, ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில், அந்த நிலையம் எந்த வகைக்குள் வருகிறது என்று அச்சிட்டுக் கொடுங்கள். மாற்றுப்பணியில் வேறு இடத்துக்கு அனுப்பினால் அந்த நாட்கள் கணக்கில் சேருமா, சேராதா என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நீலகிரி மாவட்ட அரசு மருத்துவப் பணியாளர்கள் சிலர்