வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வழக்கம்போல் நகலெடுத்து அனுப்பப்படும். அந்தச் செலவும் வந்தவர்கள் கட்டிய சந்தாவிலிருந்துதான்.

மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் நடந்தன. நூலகத்துக்குச் சில புத்தகங்கள் சேர்ந்தன, சில திரும்பி வரவில்லை. ஆடிப்பெருக்கையொட்டி வீராணம் ஏரிக்கரைக்கும் காட்டுமன்னார்கோவில் அனந்தீசுவரர் கோயிலுக்கும் சென்று வந்தோம். வேன் வாடகையில் சிலருடைய பங்கு இன்னும் வரவேண்டும்.

இனி மலர் விஷயம். அதைப் பற்றி வெளியில் பலவிதமாகப் பேசப்படுவதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

'பொன்னியின் செல்வன்' முடிந்த இடத்திலிருந்து உறுப்பினர்கள் ஆளுக்கொரு கதை எழுத வேண்டும், அவற்றைத் தொகுத்து மலராக்க வேண்டும் என்பது என் யோசனை. செயற்குழு கைதட்டி ஏற்றது. இது ஒன்றும் புதிதல்ல. தொடர் 1954-இல் முடிந்தபோதே, அப்புறம் அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் விடாமல் கேட்டதால் கல்கி ஒரு முடிவுரையே எழுத நேர்ந்தது. பிற்பாடு விக்கிரமன் அதன் தொடர்ச்சியாக 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. அது இல்லாவிட்டாலும், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு என்ற சட்டக் கணக்குப்படி 2014 முடிவோடு உரிமைக்காலம் தீர்ந்துவிட்டது. இதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே வேலையைத் தொடங்கினேன்.

இருந்தும் எதிர்ப்பு வந்தது. கதையொன்றில் குந்தவையே சதியின் சூத்திரதாரி. இன்னொன்றில் நந்தினி மனம் திருந்தி ஈழத்துக்குக் கப்பலேறுகிறாள். கல்கியின் பாத்திரங்களைக் கெடுக்க நமக்கு என்ன உரிமை என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து வெளியேறினார். அவருடைய மன வருத்தத்தை மதிக்கிறேன். ஆனால் குந்தவை கல்கி படைத்தவர் அல்லர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே வந்தியத்தேவரின் தேவியாராக இருப்பவர். ரவிதாசன் பெயரும் காட்டுமன்னார்கோவிலில் நாம் போய்ப் பார்த்த உடையார்குடிக் கல்வெட்டில் உள்ளதுதான். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களைப் பற்றிய அந்தச் சில வரிகளிலிருந்துதான் கல்கி தம் சதிகாரர்களை உருவாக்கினார். நந்தினி, பூங்குழலி போன்றவர்கள்தான் முழுக்க அவருடைய பிள்ளைகள். அவர்களை வைத்து எழுதியவர்கள் கதையின் தலைப்புக்குக் கீழே அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்றேன், குறிப்பிட்டார்கள். வெளியேறியவர் வேன் பயணத்துக்கு வந்திருந்தால் கல்வெட்டைக் காட்டியே பேசியிருப்பேன்.

அட்டைப்பட விவகாரம் வேறு. நம் உறுப்பினர் ஒருவர் பழைய தொடரின் பைண்டு வால்யூமில் டிரேசிங் தாளை விரித்து, மணியம் வரைந்த வந்தியத்தேவனைக் குதிரையின் குளம்பு வரை பென்சிலால் அப்படியே எடுத்து வந்தார். நல்ல கை. ஆனால் நாட்டுடைமை ஆனது எழுத்து மட்டுமே, ஓவியம் ஓவியருடையது. அதை ஏற்க மறுத்தேன். பதிலுக்குப் பள்ளி மாணவி ஒருத்தி வரைந்த படத்தைப் போட்டோம். குதிரையின் முன்னங்கால் சற்றுக் குட்டைதான், ஆனாலும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய சண்டை வந்தது மற்றொரு கதையால். நம்மில் பலருக்கும் பிடித்த துப்பறிவாளன் ஒருவனை வைத்து, இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் ஓர் எழுத்தாளரின் பாத்திரத்தை வைத்து, உறுப்பினர் ஒருவர் நீண்ட கதை எழுதினார். கதை நன்றாகவே இருந்தது. மூலத்தின் கடைசி இரண்டு நாவல்களைவிட நன்றாக இருந்தது என்பது என் சொந்தக் கருத்து. ஆனாலும் அனுமதி கேட்டு எழுத்தாளருக்குக் கடிதம் போட்டேன். வேண்டாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. கதையை நிறுத்திவிட்டேன்.

இதற்காக என்னைக் கோழை என்றார்கள். இலவசமாகத்தானே தருகிறோம், விலை போடாதபோது என்ன குற்றம் என்று கேட்டார்கள். 2007-இல் கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் துர்கா பூஜைப் பந்தலை ஹாரி பாட்டர் படிக்கும் பள்ளியின் கோட்டை போல அமைத்தவர்களும் லாபத்துக்குச் செய்யவில்லை. ஹாரி பாட்டரை எழுதிய ரௌலிங்கும் படமாக எடுத்த வார்னர் பிரதர்ஸும் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் 20 லட்சம் ரூபாய் கேட்டார்கள். அந்த ஆண்டுப் பந்தலை நீதிமன்றம் தடுக்கவில்லை என்பது உண்மை. இனிமேல் அனுமதியின்றிச் செய்யக் கூடாது என்று சொன்னதும் உண்மை. பூஜைக் குழுவுக்கு வக்கீல் வைக்க வசதி இருந்திருக்கும். நம் வங்கிக் கணக்கின் நிலை பொருளாளருக்குத் தெரியும்.

சட்டத்தை விட்டுவிடுவோம். வீட்டில் படித்து, நண்பர்களுக்குள் கைப்பிரதியாகச் சுற்றுவதை யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு பாத்திரத்தின் மேல் அவ்வளவு ஆசை வைக்கும் வாசகர் கிடைப்பது எந்த எழுத்தாளருக்கும் கொடுப்பினை. ஆனால் அந்தத் துப்பறிவாளனின் அடுத்த வழக்கை அவர் மேசையில் எழுதிக்கொண்டிருக்கும்போது, நாம் அவனை அச்சில் கொன்றுபோடுவது அழகல்ல. கதையை எழுதியவர் இதைப் புரிந்துகொண்டு, பெயரையும் ஊரையும் மாற்றிச் சொந்தப் பாத்திரமாகவே எழுதத் தொடங்கியிருக்கிறார். அவருக்காகக் கொதித்தவர்கள்தான் இன்னும் ஆறவில்லை. அவர்களில் பலர் இரண்டு ஆண்டுச் சந்தா பாக்கி என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மலர் வெளியானது. பிரதிகள் கொஞ்சம் மீதம் இருக்கின்றன, என் வீட்டுப் பரணில்.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. அச்சகத்துக்குச் சிறு தொகை நிற்கிறது. விவரம் வேண்டுவோர் பொருளாளரை அணுகலாம். இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், தேநீர் தந்தவர்களுக்கும், மெய்ப்புப் பார்த்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு இரண்டாம் மலர் என்று சிலர் பேசுகிறார்கள். அனுமதிக் கடிதம் எழுதவும், அச்சகத்துக்கு நடக்கவும், திட்டு வாங்கவும் வேறொருவர் முன்வந்தால் செயலாளர் பொறுப்பை மகிழ்ச்சியுடன் ஒப்படைக்கிறேன். எவரும் வராவிட்டால் என்ன செய்வது என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். சந்தா பாக்கியைக் கூட்டம் முடிந்ததும் வாசலருகே செலுத்தலாம், பொருளாளர் ரசீதுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறார்.