மணல் கங்கையின் கடைமுனை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையின் மகாவலி கங்கை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். விக்டோரியா அணையின் படம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஆனால் 335 கிலோமீட்டர் ஓடுகிற ஆற்றைக் கட்டுரை ரந்தெனிகல அணையோடு நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் மினிப்பே, மகியங்கனை, மன்னம்பிட்டி என்று கங்கை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? கடைசியில், திருகோணமலைக்கு அருகே கடலில் கலக்கிறது என்று ஒரே ஒரு வரி. நான் பிறந்து வளர்ந்த மூதூர் அந்த ஒரு வரிக்குள் அடங்கிப் போனதால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பெயரைச் சொல்ல வேண்டும். 'மா வலி' என்று பிரித்துப் பெரும் வலிமை என்று பொருள் சொல்வாரும் உண்டு. பாளி மொழியில் இதன் பெயர் மகாவாலுகா. வாலுகா என்றால் மணல். சிங்களத்தில் 'வெலி' என்பதும் மணல்தான். ஆக, இது பெருமணல் ஆறு. ஹட்டன் பக்கத்திலும் ஹோட்டன் சமவெளியிலும் பிறக்கிற ஓடைகள் மலையை அரைத்துக் கொண்டுவந்து கீழே கொட்டியதால் உண்டான பெயர். அந்த மணலும் வண்டலும் வந்து சேர்ந்த இடம் எங்கள் கொட்டியாரக் குடா. கடலை எட்டுமுன் ஆறு பிரிந்து, ஒரு கிளை வெருகல் ஆறாகக் கிழக்கே போகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள வயல்கள் கங்கை போட்ட மண்ணில் விளைபவை. இன்னும் மேலே சோமாவதிப் பக்கம் போனால் 'வில்லு' என்று நாங்கள் சொல்லும் தாழ்நிலங்கள் இருக்கின்றன. மாரியில் ஆறு கரை மீறி அவற்றை நிரப்பும். கோடையில் நீர் வடிந்ததும் புல் இடுப்பளவு வளரும், யானையும் மாடும் அதை நம்பித்தான் இருக்கின்றன. 1984இல் அந்தப் பகுதியை வெள்ளச் சமவெளித் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். வெள்ளம் வராவிட்டால் வில்லு இல்லை. உங்கள் கட்டுரையில் வெள்ளம் என்றாலே அழிவுதான் என்பதுபோல் எழுதியிருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

1976இல் பொல்கொல்லை அணைக்கட்டு திறக்கப்பட்டபோது நான் பேராதனையில் புவியியல் மாணவன். நண்பர்களோடு பார்க்கப் போனேன். அங்கிருந்து கங்கை நீரின் ஒரு பங்கு 8 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக உக்குவெலைக்குப் போய், மின்சாரம் தந்து, அம்பன் கங்கைப் பக்கம் திரும்புகிறது. அதில் ஒரு பகுதி போவத்தென்னையில் மறுபடி பிரிந்து கலாவெவக் குளம் வரை போகிறது. மலையைக் குடைந்து ஆற்றைத் திருப்புகிறார்களே என்று அன்று வாய் பிளந்து நின்றேன். அடுத்த ஆண்டே, 30 வருட மகாவலித் திட்டத்தை 6 வருடத்தில் முடிப்போம் என்று அரசு இறங்கியது. 1985இல் கொத்மலை, விக்டோரியா அணைகள், மறு ஆண்டு ரந்தெனிகல. பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. அந்தத் தண்ணீரில் நெல் விளைவித்த ஒரு குடும்பத்தையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அணை தண்ணீரை மட்டுமா மறிக்கிறது? மணலையும் சேர்த்துத்தான் பிடித்து வைக்கிறது. கீழே வருகிற கொஞ்ச மணலையும் இங்கே டிப்பர்கள் அள்ளிக்கொண்டு போகின்றன.

என் மாமாவின் தோட்டம் கங்கைக் கரையில். அங்கே ஒரு மருத மரம் நிற்கிறது. சின்ன வயதில் அதன் வேரில் உட்கார்ந்தால் கால் தண்ணீரில் படும். இப்போது அதே வேர்கள் ஓர் ஆள் உயரத்தில் அந்தரத்தில் தொங்குகின்றன. அடியில் கை வைத்தால் மண் பொலபொலவென்று உதிர்கிறது. வேலியோரம் நின்ற இரண்டு தென்னைகள் ஏற்கெனவே ஆற்றோடு போய்விட்டன. "மழைக்கு இல்லடா தம்பி, மணல் எடுத்துப் பள்ளமாப் போச்சு" என்கிறார் மாமா. எனக்கே எழுபது வயது. அவருக்கு இன்னும் நான் தம்பிதான்.

வரலாற்றுப் பகுதியில் ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸின் பெயர் கண்டியோடு மட்டும் வந்திருந்தது. அவர் பிடிபட்டது கண்டியில் அல்ல, இங்கே. 1660இல் புயலில் பாய்மரம் முறிந்த கப்பலைச் செப்பனிடக் கொட்டியாரத்தில் ஒதுங்கியபோது, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அவரையும் தந்தையையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தந்தை அங்கேயே இறந்தார். மகன் 19 வருடம் கழித்துத்தான் தப்பினார். அவர்கள் பிடிபட்ட மரத்தடி என்று இங்கே ஓர் இடத்தைக் காட்டுவார்கள், நினைவுக் கல்லும் உண்டு. அதைக் கேட்டு வருகிறவர்கள்தான் குறைவு.

கட்டுரைக்கு இரண்டாம் பகுதி ஒன்று போடுங்கள். உங்கள் நிருபர் ஆவணியில் வரட்டும். வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்குச் சனம் ஆற்றங்கரையில் கூடும் காலம் அது. நீர் வற்றியிருப்பதால் கரை எவ்வளவு அரித்திருக்கிறது என்பதும் தெளிவாகத் தெரியும். மருத மரம் அதுவரை நின்றால் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
மூதூர்.