வாளியில் இடறுகிறவளும் வாட்ஸ்அப் படிக்கிறவளும்

அன்புள்ள அக்கா,

போன வாரம் வியாசர்பாடி கல்யாணத்தில் பெரியம்மா கையை நீட்டியபடி நின்றார், உன் பொண்ணு பாப்பா அவரைக் கவனிக்காமல் போய்விட்டாள். "பொண்ணுக்கு என்ன திமிரு" என்றார்கள். நீயும் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, "போன்ல பொடி எழுத்து தெரியுது, பெரியம்மா தெரியலையா?" என்று கேட்டாய். அவள் வாயே திறக்கவில்லை.

இரண்டுமே நிஜம் அக்கா. எனக்கும் பாப்பாவுக்கும் இருக்கிற ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோயில் பெரும்பாலும் முதலில் போவது இருட்டில் பார்க்கிற சக்தி. அப்புறம் ஓரப் பார்வை சுருங்கும். நடுப் பார்வை பல வருஷம் தாக்குப்பிடிக்கும். பேப்பரைச் சுருட்டி அதன் வழியாக உன் சமையலறையைப் பார். காலண்டரில் தேதி தெரியும், காலடியில் வாளி தெரியாது.

அவள் வயதில் நான் பெரம்பூர் மார்க்கெட்டில் ஒரு தக்காளிக் கூடைக்குள் காலை விட்டேன். "கண்ணு தெரியலையா?" என்று கத்தினார் கடைக்காரம்மா. ஆமாம் என்று சொல்ல வெட்கம். வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்லி அப்பாவிடம் அடி வாங்கினேன். குறும்புக்காரன் என்ற பேர் எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

வீட்டில் கதவை முழுக்கத் திற, இல்லாவிட்டால் முழுக்கச் சாத்து. நெற்றியைப் பதம் பார்ப்பது பாதி திறந்த கதவுதான். மாடிப்படி விளிம்புகளில் மஞ்சள் டேப் ஒட்டு. வெள்ளைத் தட்டில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வைத்தால் அவள் கை தட்டைத் துழாவும். (பந்தியில் பச்சை இலையில் எவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டாள், கவனித்தாயா?)

வெள்ளைக் கோல் வேண்டாம் என்கிறாளாம், தோழிகள் பார்ப்பார்களே என்று. வற்புறுத்தாதே, மடக்கிப் பையில் கிடக்கட்டும். நான் அதைக் கையில் எடுத்தபோது எனக்கு 23 வயது. அதற்கும் மூடியில்லாத ஒரு மழைநீர்க் கால்வாய்தான் காரணம். 29சி வருகிறதா என்று ஸ்டாப்பில் அவளே கேட்கட்டும், நீ முந்திக்கொள்ளாதே.

"எழுத்துதான் தெரியுதே, சர்டிஃபிகேட் எதுக்கு?" என்று பள்ளியில் கேட்டார்களாமே. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குக் கீழே சுருங்கினாலே அது குறைபார்வைதான். சர்டிஃபிகேட் வாங்கப் போகும்போது பரப்பை அளந்த ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போ. சான்றிதழில் குறைபாடு 40 சதவீதம் என்று இருந்தால், மத்திய அரசின் வழிகாட்டுதல்படி தேர்வில் மணிக்கு 20 நிமிடமாவது கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

பெரியம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். இனிமேல் கையை நீட்டுவதற்கு முன்னால் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறேன். பாப்பாவிடம் நீ பேசு. ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வருகிறேன்.

தம்பி