அப்பாவின் நீள நோட்டு

அன்புள்ள தங்கத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் தலைத் திவசத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. "தாத்தாவைப் பத்திப் பிள்ளைகிட்ட என்ன சொல்றதுன்னே தெரியலம்மா" என்று போனில் சொன்னாய். பேச வாயெடுத்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

1991-ல், நீ பிறந்த ராத்திரி எனக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. என் ரத்தம் ஓ நெகட்டிவ். எங்களுக்கு எங்கள் வகை மட்டும்தான் சேரும். அப்பா தஞ்சாவூர்த் தெருக்களில் தெரிந்தவர், தெரியாதவர் என்று எல்லோரிடமும் கேட்டு அலைந்திருக்கிறார். விடிகாலையில் ஒரு காலேஜ் பையன் வந்து கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டானாம். அவன் பேரைக் கேட்காமல் விட்டுவிட்டேனே என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நோட்டு போட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

காக்கி அட்டை போட்ட அந்த நீள நோட்டை நீ பார்த்திருக்கிறாய். ரத்தம் கொடுக்கிறவர்களின் பேர், ஊர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி. ஆண்களுக்கு மூன்று மாசம், பெண்களுக்கு நாலு மாசம் இடைவெளி வேண்டும். அதை எண்ணி, அடுத்து எப்போது கூப்பிடலாம் என்று சிவப்பு மையில் குறித்து வைப்பார். கடைசிப் பக்கத்தை நீ புரட்டியிருக்க மாட்டாய். அதில் முழுக்க நீதான். உனக்குத் தடுப்பூசி போட்ட தேதிகள், முதல் பல் விழுந்த நாள், ப்ளஸ் டூ மார்க், முதல் தடவை விமானம் ஏறிய நாள், நேரம் எல்லாம் அதே சிவப்பு மையில் இருக்கிறது. வீட்டுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று அவர் இரண்டு நோட்டு வைத்துக்கொள்ளவே இல்லை.

பதினெட்டு முடிந்ததும் நானும் கொடுப்பேன் என்று அடம்பிடித்தாயே, நினைவிருக்கிறதா? அக்டோபர் 1 முகாமில் ஹீமோகுளோபின் 11 தான் இருக்கிறது, 12.5 வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாய். மறுநாளிலிருந்து அப்பாவே கொல்லையில் முருங்கைக்கீரை ஒடித்து, திண்ணையில் உட்கார்ந்து ஒரு காம்பு இல்லாமல் உருவி, அடுப்படியில் கொண்டுவந்து வைப்பார். மூன்று மாசம் அந்த வேலையை என்னிடம் விடவில்லை. அப்புறம் நீ கொடுத்தாய். எத்தனையோ பேர் கையில் ஊசி ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த மனுஷர், உன் கையில் ஏற்றும்போது மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். 350 மில்லி நிறைகிறவரை திரும்பவில்லை. கண் மூடிப் படுத்திருந்த உனக்கு அது தெரியாது.

கஜா புயல் அன்று நடந்ததையும் உன்னிடம் சொன்னதில்லை. 2018 நவம்பர் 16, விடிந்து பார்த்தால் நம் தோப்பில் எண்பது தென்னையில் அறுபத்திரண்டு சாய்ந்து கிடக்கிறது. கரண்ட் இல்லை, செல் எடுக்கவில்லை. பக்கத்து ஊரில் ஒரு பிரசவம், ரத்தம் வேண்டும் என்று ஆள் வந்தது. போன் போட வழியில்லாததால் நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, சைக்கிள் கேரியரில் அரிவாளைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குக் கோபம். "நம்ம தோப்பை எட்டிக்கூடப் பார்க்காமப் போறீங்களே" என்று கத்தினேன். "உனக்குக் கொடுத்த பையனும் அவன் வேலையைப் போட்டுட்டுத்தானே வந்திருப்பான்" என்றார். ரோட்டில் கிடந்ததை வெட்டி வழி பண்ணிக்கொண்டு, வீடு வீடாகப் போய் இரண்டு பேரைக் கூட்டி அனுப்பிவிட்டு, பொழுது சாயத்தான் வந்தார். அப்புறம்தான் தோப்புக்குப் போனார். நீ பிறந்த வருஷம் வைத்த மரமும் விழுந்திருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் கிட்டே போகவில்லை.

அப்பாவுக்கு 65 வயசானதும் இனி உங்களிடம் ரத்தம் எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை 87 தடவை கொடுத்திருந்தார். அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

போன வாரம் விளக்கு வைக்கிற நேரத்தில் போன் வந்தது. அப்பா இல்லாதது தெரியாமல் அவரைக் கேட்டார்கள். ஓ நெகட்டிவ் வேண்டுமாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை எடுத்து, நாள் எண்ணி, ஒரு பையனைக் கூப்பிட்டேன். "கிளம்பிட்டேன் அத்தை" என்றான். அப்பா எழுத்துக்குக் கீழே அன்றைய தேதியை நானே எழுதினேன்.

கஜாவில் முறிந்த கொல்லை முருங்கை பக்கவாட்டில் துளிர்த்து, இப்போது மரமாகவே நிற்கிறது. வருவதற்கு முன் உன் ஹீமோகுளோபினைப் பார்த்துக்கொண்டு வா. குறைவாக இருந்தால் கீரை உருவ நான் இருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா