பேத்தி எடுக்கும் படிப்பு

காவேரிப்பட்டினம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. முட்டிவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே வருஷத்தை ஓட்டாதே, ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார். இங்கே மாம்பழ சீசன் முடிந்துவிட்டது. பெங்களூரா காய்ப்பு பரவாயில்லை, விலைதான் வழக்கம்போல கூழ் ஆலைக்காரர்கள் வைத்ததுதான். மல்கோவா பூவோடு சரி. அதை விடு.

உன் பேத்தி சைக்காலஜிதான் படிப்பேன் என்று நிற்கிறாள், அதைப் படித்து என்ன செய்வாள் என்று கேட்டிருந்தாய். பி.எட். படிக்கும்போது நமக்குச் சொல்லிக்கொடுத்த சைக்காலஜி, மணியடித்தால் எச்சில் விடும் பாவ்லோவின் சோதனை நாயோடு முடிந்துவிட்டது. ஆனால் என் மருமகள் படிக்கக் கொடுத்ததை வைத்து, போன வருஷத்திலிருந்து ஒரு சைக்காலஜி பேராசிரியரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். உனக்குப் படிப்பைப் பற்றிச் சொல்வதைவிட அந்த அம்மாவைப் பற்றிச் சொல்வது மேல்.

பெயர் லிசா ஃபெல்ட்மன் பாரெட். 1963-இல் கனடாவின் டொரண்டோவில் பிறந்தவர். அங்கேயே பட்டம் வாங்கிவிட்டு, மனநல சிகிச்சை தரும் வேலைக்குப் போவதாகத்தான் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறார். அங்கே எடுத்துக்கொண்ட சோதனை ஒன்றும் பெரிய விஷயமில்லை. தான் ஆசைப்பட்ட அளவுக்கு வரமுடியவில்லை என்றால் மனிதனுக்கு மனச்சோர்வு வரும், அடுத்தவர் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்றால் பதற்றம் வரும் என்று ஏற்கெனவே ஒரு கொள்கை இருந்தது. அதைத் திரும்பச் செய்து பார்த்து, அதற்கு மேலே தன்னுடையதைக் கட்டலாம் என்பது திட்டம். செய்தார், வரவில்லை. மறுபடி செய்தார், வரவில்லை. எட்டுச் சோதனைகள் இப்படியே போயின.

நானாக இருந்தால் வேறு தலைப்பு கொடுங்கள் என்று கைடு காலில் விழுந்திருப்பேன். இவர் சோதனைக்கு வந்தவர்கள் குறித்துக் கொடுத்த தாள்களையே மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பார்த்தால், சோர்வு என்று குறித்தவர்கள் பதற்றம் என்றும் குறித்திருக்கிறார்கள். அதைக் குறிக்காதவர்கள் இதையும் குறிக்கவில்லை. பலருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. எட்டுமே தோற்ற சோதனைகள் இல்லை, ஒரே முடிவை எட்டு முறை சொன்னவை. அப்புறம் நூற்றுக்கணக்கானவர்களிடம் நாள்தோறும் தங்கள் மனநிலையைக் குறித்துவரச் சொல்லிப் பார்த்தார். சிலர் கோபம், ஏமாற்றம், பயம் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்கிறார்கள். சிலருக்கு எல்லாமே 'மனசு சரியில்லை' என்ற ஒரே மூட்டைதான். அவருடைய மீதி வாழ்க்கை முழுக்க இங்கிருந்து கிளைத்ததுதான்.

இதைப் படித்தபோது எனக்கு மச்சான் ஞாபகம்தான் வந்தது. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு அவருக்கு 'நெஞ்சு அடைக்குது' என்று ஆரம்பித்தது. ஈ.சி.ஜி. எடுத்தோம், எக்கோ எடுத்தோம், எல்லாம் நார்மல். கடைசியில் பெங்களூரில் இருக்கும் மனநல மருத்துவமனை நிம்ஹான்ஸுக்குக் கூட்டிப்போனோம். நம் ஊர் ஜனங்களுக்கு அது பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம்தானே. அங்கே ஒரு சின்னப் பெண், உளவியலாளர், எதிரில் உட்கார்ந்து மாத்திரையைப் பற்றிப் பேசவே இல்லை. எந்த நேரத்தில் அடைக்கிறது, அதற்கு முன்னால் யார் போன் பண்ணினார்கள், என்ன பேச்சு நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வட்டிக்குக் கொடுத்தவர் பேசிவிட்டு வைத்ததும் அடைத்திருக்கிறது. அதைத் தன் வாயால் சொன்ன பிறகுதான் மச்சானுக்கே அது பயம் என்று தெரிந்தது. கடன் அப்படியே இருக்கிறது, ஆனால் மனிதர் ராத்திரி தூங்குகிறார்.

பாரெட் வாழ்க்கையிலும் இதற்குத் தலைகீழாக ஒன்று நடந்திருக்கிறது. ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது கூடப் படித்த ஒருவன் காபிக்குக் கூப்பிட்டானாம். பெரிய விருப்பமில்லாமல்தான் போயிருக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போது முகம் சூடாகிறது, வயிற்றை என்னவோ செய்கிறது. சரி, நமக்கு இவனைப் பிடித்துவிட்டதுபோல என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனவர் வாந்தி எடுத்துவிட்டு ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஃப்ளூ! உடம்பு ஏதோ ஒரு சேதி அனுப்புகிறது, மூளை பழைய அனுபவத்தையும் இருக்கிற இடத்தையும் வைத்து அதற்கு அர்த்தம் ஊகிக்கிறது, அந்த ஊகத்தைத்தான் நாம் காதல், கோபம், பயம் என்கிறோம் என்பது அவர் கட்சி. இதை நிரூபிக்கப் பாதி வழியில் நரம்பியலையும் கற்றுக்கொண்டார். பாஸ்டன் கல்லூரியில் பல வருஷம் இருந்துவிட்டு, 2010-இலிருந்து அதே ஊரின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

இந்தத் துறையில் பெரிய சண்டை முகத்தை வைத்துத்தான். பால் எக்மன் என்ற இன்னொரு பேராசிரியர் 1960-களின் கடைசியில் பாப்புவா நியூ கினி மலைகளுக்குப் போனார். வெளியுலகத் தொடர்பு அதிகம் இல்லாத ஃபோரே மக்களிடம் 'குழந்தையைப் பறிகொடுத்தவன் முகம் இதில் எது?' என்று கதை சொல்லிப் படத்தைக் காட்டினார். பெரும்பாலும் அமெரிக்கர்கள் எடுக்கிற படத்தையே எடுத்தார்கள். உலகம் பூராவும் கோபத்துக்கு ஒரே முகம், சோகத்துக்கு ஒரே முகம் என்பது அதிலிருந்து பாடமானது. பாரெட்டின் மாணவி மரியா ஜென்ட்ரன் நமீபியாவில் ஹிம்பா மக்களிடம் போனார். கதை சொல்லவில்லை, ஒரு பகுதி ஆட்களுக்கு உணர்ச்சியின் பெயரைக்கூடக் கொடுக்கவில்லை. முகப் படங்களைக் கொடுத்து, ஒரே மாதிரி உணர்கிறவர்களை ஒன்றாக அடுக்குங்கள் என்றார். அடுக்குகள் எக்மன் சொன்னபடி விழவில்லை. சிரிக்கும் முகத்தைச் 'சிரிக்கிறான்' என்றார்கள், கண்ணை விரித்த முகத்தைப் 'பார்க்கிறான்' என்றார்கள். 2019-இல் பாரெட்டும் இன்னும் நான்கு பேரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் படித்து ஒரு கணக்குச் சொன்னார்கள்: கோபம் வந்தவன் முகத்தைச் சுளிப்பது நூற்றுக்கு முப்பது தடவைகூட இல்லை.

குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தைக்கு அப்பாவோடு போவோமே, நீயும் வந்திருக்கிறாய். தரகர் துண்டைப் போர்த்தி உள்ளே எதிராளியின் விரலைப் பிடித்து விலை சொல்வார். ஒரு விரல் நூறா ஆயிரமா என்பது அவர்களுக்குத்தான் வெளிச்சம். கை உள்ளே விலை பேசும்போது வாய் வெளியே மழையைப் பற்றிப் பேசும். இரண்டு முகத்திலும் ஒரு அசைவு இருக்காது. 'மூஞ்சியைப் பாக்காதே, கயித்தை எத்தனை சுத்து கையில சுத்துறான்னு பாரு' என்பார் அப்பா. மாட்டுக்காரன் கயிற்றை இறுக்கிச் சுற்றினால் விலை அவனுக்குக் கட்டவில்லை என்று அர்த்தம். அடுத்த கையும் அதே மாதிரி சுற்றும் என்று சொல்லமாட்டார், ஆளுக்கு ஆள் மாறும்.

அதற்காகப் பாரெட் சொல்வதை அப்படியே நான் விழுங்கிவிடவில்லை. பிறந்த குழந்தை வேப்பெண்ணெய் நாக்கில் பட்டால் காட்டுகிற முகத்தை எந்த ஊரிலும் கண்டுபிடிக்கலாம். எக்மன் பக்கத்து ஆட்களும் சும்மா இல்லை, இன்னும் பதில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தமிழ் வகுப்பில் படித்த மெய்ப்பாட்டியல், உணர்ச்சி உடம்பில் தெரிவதைப் பற்றித் தொல்காப்பியத்தில் வருமே, ஞாபகம் இருக்கிறதா? அழுகைக்கே இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு காரணம் பிரித்திருப்பார் தொல்காப்பியர். எல்லாம் நம்மாட்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள் என்று மேடையில் பேசுகிறவன் மாதிரி பேச வரவில்லை. அழுகிறவனைப் பார்த்ததும் எதற்கு அழுகிறான் என்று கேட்கத் தோன்றியிருக்கிறதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான்.

இனி உன் பேத்தி விஷயம். பி.எஸ்சி. முடித்ததும் வேலை என்று கணக்குப் போடாதே. மருத்துவமனையில் உளவியலாளராக உட்காரவேண்டும் என்றால் அதற்கு மேலும் படித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வாங்கவேண்டும். வருஷக்கணக்கில் பொறுமை வேண்டும், செலவும் உண்டு. எந்தக் கல்லூரியில் மேற்படிப்புக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறது என்று சேர்வதற்கு முன்னாலேயே விசாரி. புள்ளியியல் அவளுக்கு வருமா என்றும் கேள். இந்தப் படிப்பில் பாதி அதுதான், பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் மிரள்கிறார்கள். வரும் என்றால் தடுக்காதே. சரோஜாவையும் சம்மதிக்க வை, அவள்தான் இன்னும் நர்ஸிங் நர்ஸிங் என்கிறாள் என்று எழுதியிருந்தாய்.

ஆயுத பூஜை லீவில் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. மருமகளும் அப்போது இங்கே இருப்பாள், படிப்பைப் பற்றி என்னைவிட அவளிடம் கேட்பது நல்லது. வருகிற தேதியை மட்டும் முன்கூட்டியே சொல், வீட்டுக்கு வெள்ளையடிக்கிற ஆளை அதற்குத் தகுந்தமாதிரி வரச்சொல்லவேண்டும்.

உன்,
கோவிந்தராஜ்